“வடக்கன்” என்ற சொல் நம் கடைகளுக்கு வேண்டாம்



ஒரகடம், வடக்குப்பட்டு சுற்றுவட்டாரத்தில் எந்த மளிகைக் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றாலும் ஒரு சொல் காதில் விழாமல் போகாது. “அந்த வடக்கனுக்கு என்ன வேணும்னு கேளு”, “வடக்கன்கிட்ட பாக்கி வாங்கினியா”, “மூட்டை இறக்க ரெண்டு வடக்கனைக் கூப்பிடு”. சொல்பவர் கோபத்தில் சொல்வதில்லை. கெட்ட எண்ணத்தோடும் சொல்வதில்லை. பருப்பு நிறுத்துக்கொண்டே சொல்கிறார். அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கோபத்தில் வரும் வசவு கோபத்தோடு போய்விடும். பழக்கத்தில் வருவது கடைப் பையன் வாய்க்கும், அவனிடமிருந்து நம் பிள்ளைகள் வாய்க்கும் போகும்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவற்றோடு உதிரிபாகத் தொழிற்சாலைகள், கிடங்குகள், கட்டட வேலைகள் என்று இந்தச் சாலையே மாறிப்போனது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல மாநிலத்தவர் வந்தார்கள். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இவர்களில் பெரும்பாலோர் கிழக்கத்தியர். நாம்தான் எல்லோரையும் வடக்கே தள்ளிவிட்டோம்! நம் ஊரின் பெயரிலேயே வடக்கு இருக்கும்போது இந்தச் சொல்லைக் கேலியாகச் சொல்ல நமக்குத்தான் முதலில் கூச வேண்டும்.

“வடக்கன் என்றால் வடக்கிலிருந்து வந்தவன், இதில் என்ன தப்பு?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கேரளத்தில் வடக்கன் பாட்டு என்றால் பழைய வீரர்களைப் பாடும் கதைப்பாட்டு. 1989இல் வந்த ‘ஒரு வடக்கன் வீரகாதா’ அங்கே பெரும் புகழ் பெற்ற படம். அங்கே அது பெருமையான சொல். ஆகவே எழுத்தில் குற்றம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் கடையில் அது எப்படி வருகிறது? நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்து அடகுக் கடை வைத்தவரை “சேட்டு” என்கிறோம், தொழிற்சாலையில் மேலாளராக இருப்பவரை “சார்” என்கிறோம். அவர்களும் வடக்கிலிருந்து வந்தவர்கள்தாம். செங்கல் சுமப்பவரும், லாரியில் சரக்கு ஏற்றுபவரும், எட்டுப் பேராக ஓர் அறையில் தங்கியிருப்பவரும் மட்டுமே “வடக்கன்”. எனவே இது திசையைச் சொல்லும் சொல் அல்ல. இவன் நமக்குக் கீழே என்று சொல்லும் சொல்.

2024இல் ‘வடக்கன்’ என்று பெயர் வைத்த தமிழ்ப் படத்துக்குத் தணிக்கைத் துறை அந்தப் பெயரை அனுமதிக்கவில்லை. ‘ரயில்’ என்று மாற்றிய பிறகே வெளிவந்தது. இத்தனைக்கும் படம் அந்த மக்கள் மீது பரிவு கொண்ட படம். ஒரு படப்பெயராகக்கூட உறுத்திய சொல்லை நாம் நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த சமாதானம், “அவனுக்குத் தமிழ் தெரியாது, புரியாது” என்பது. என் கிடங்கில் மூட்டை இறக்கும் ஆட்கள் வந்த மூன்று மாதத்தில் ஒன்று முதல் நூறு வரை தமிழில் எண்ணினார்கள். ஆனால் அவர்கள் எண்களுக்கு முன்னதாகக் கற்றுக்கொண்டது வசவுகளைத்தான். வேற்றூரில் பிழைக்கப் போனவனுக்குத் தன்னை எப்படி அழைக்கிறார்கள் என்பதுதான் முதலில் புரியும். புரிந்தும் புரியாதது போல் இருந்துவிடுவான். வேலை வேண்டும், அரிசி கடனாக வேண்டும்.

“பையா” என்ற சொல்லையே பாருங்கள். இந்தியில் பையா என்றால் அண்ணன். நம் ஆட்கள் அதைத் தமிழ்ப் பையன் என்று நினைத்து, ஐம்பது வயது மேஸ்திரியைக்கூட “டேய் பையா” என்கிறார்கள். மும்பையில் அதே “பையா” உத்தரப் பிரதேச, பீகார் தொழிலாளிகளை மட்டம் தட்டும் சொல்லாகிவிட்டது. அண்ணன் என்ற சொல்லையே வசவாக்க முடியும் என்றால், எந்தச் சொல்லையும் தொனியும் “டேய்”யும் கெடுத்துவிடும். இன்னொன்று “பான்பராக் வாயன்”. 2013இல் தமிழக அரசு தடை செய்யும் வரை அந்தப் பொட்டலங்களைச் சரம் சரமாக வாசலில் தொங்கவிட்டு விற்றது யார்? நம் கடைகள்தானே. விற்றவர் பெரிய மனிதர், வாங்கித் தின்றவர் மட்டும் வாயன் என்பது எந்த ஊர் நியாயம்?

வடகிழக்கு மாநிலத்தவர் விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. அவர்களுடைய கண்ணையும் மூக்கையும் வைத்துக் கேலி பேசுகிறார்கள். “சைனாக்காரன்”, “நேபாளி” என்கிறார்கள். வடநாட்டில் இதற்கென்றே “சிங்கி” என்ற இழிசொல் உண்டு. 2014 ஜனவரி இறுதியில் டெல்லி லாஜ்பத் நகரில் நடந்ததை நம்மைப் போன்ற கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த நிடோ தானியா என்ற மாணவர், அங்குள்ள சட்டமன்ற உறுப்பினரின் மகன். ஒரு முகவரி விசாரிக்க ஒரு கடைப் பக்கம் போனார். சாயம் பூசிய அவருடைய முடியையும் தோற்றத்தையும் கடையில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். அவர் கோபத்தில் கண்ணாடியை உடைத்தார். அடிதடியானது. மறுநாள் அந்தப் பிள்ளை உயிரோடு இல்லை. தொடங்கியது கட்டையிலோ கத்தியிலோ அல்ல. கல்லாப் பக்கத்திலிருந்து போன ஒரு கிண்டலில் தொடங்கியது. கிண்டல் செய்தவர் யாரும் அன்று காலை கடை திறக்கும்போது ஓர் உயிர் போகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அதன் பிறகுதான் மத்திய அரசு பெஸ்பருவா தலைமையில் குழு அமைத்தது. இனத்தை இழித்துப் பேசுவதைத் தனிக் குற்றமாக்கச் சட்டத் திருத்தம் வேண்டும் என்று அந்தக் குழு 2014லேயே பரிந்துரைத்தது. வடகிழக்கு மக்களில் பழங்குடியினர் பலர். பொது இடத்தில் அவர்களை இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று உள்துறை அமைச்சகம் 2012லேயே மாநிலங்களை அறிவுறுத்தியிருந்தது. கடையும் பொது மக்கள் வந்துபோகும் இடம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழர்களாகிய நமக்கு இந்த வலி தெரியாததா? தென்னாப்பிரிக்காவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் பெயர் முத்துசாமி, ராமசாமி என்று முடிந்ததால், வெள்ளையர்கள் இந்தியர்கள் எல்லோரையும் “சாமி” என்று கேலியாக அழைத்தார்கள். பாரிஸ்டர் பட்டம் பெற்றுப் போன காந்தியையே “கூலி பாரிஸ்டர்” என்றார்கள். மலேயாவில் “கெலிங்” என்ற சொல் முதலில் கலிங்கத்தையும் அங்கிருந்து வந்தவர்களையும் குறித்தது. மலாக்காவில் அந்தப் பெயரில் ஊர் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது. ஆனால் இன்று ஒரு மலேசியத் தமிழரை அப்படி அழைத்தால் சண்டைதான். பம்பாயில் 1966க்குப் பிறகு “மதராஸி” என்றும், வேட்டி லுங்கியைச் சொல்லியும் நம்மவர்களைக் கேலி பேசினார்கள். தென்னிந்தியர் நடத்திய ஓட்டல்கள் மீது கல் விழுந்தது.

கொழும்பு புறக்கோட்டையைப் பற்றி வணிகர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, துணி என்று மொத்த வியாபாரத்தில் தமிழர்கள் நிலைத்திருந்த இடம் அது. 1983 ஜூலையில் அந்தக் கடைகள் எரிந்தன. “பற தெமள” என்ற வசவு அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தெருவில் சாதாரணமாகப் புழங்கிய சொல். கலவர நாட்களில் வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, உச்சரிப்பை வைத்துத் தமிழரைப் பிரித்தெடுத்தார்கள். வசவு மட்டுமே தீ வைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அரசியல் காரணங்கள் பெரியவை. ஆனால் பக்கத்துக் கடைக்காரனைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகியவனைவிட, வசவு சொல்லி அழைத்துப் பழகியவனுக்குத் தீப்பந்தம் எடுப்பது எளிது.

“மதராஸி” என்று நம்மவர்களே 2025இல் படத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். வைத்துக்கொள்ளலாம். அடி வாங்கியவன் அந்தச் சொல்லைத் தானே எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்வது அவன் உரிமை. அசாம் தொழிலாளிகள் இருவர் தங்களுக்குள் எப்படிக் கிண்டல் செய்துகொண்டாலும் அது அவர்கள் விஷயம். அதைக் காட்டி நாம் அனுமதி வாங்கிக்கொள்ள முடியாது. இழிசொல்லுக்கு எங்காவது இடம் உண்டா என்று கேட்டால், அந்த ஓர் இடத்தைத் தவிர எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

2023 மார்ச்சில் நடந்ததும் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. திருப்பூர், கோவைப் பக்கம் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். நம் காவல்துறை பொய் என்றது. பீகாரிலிருந்து வந்து பார்த்த அதிகாரிகள் குழுவும் அவை பொய் என்றது. அப்படியிருந்தும் அத்தனை பேர் ஏன் நம்பினார்கள்? ஹோலிக்கு ஊருக்குப் போனவர்களும் அதில் உண்டுதான். ஆனால் தினமும் கடையில் மரியாதையாகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவன் அந்த வீடியோவை அவ்வளவு சுலபமாக நம்பியிருப்பானா என்று யோசித்துப் பாருங்கள்.

நம் சங்கத்துக்குள் பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வடநாட்டு வணிகர்கள் மொத்த வியாபாரத்தில் இறங்கி விலையை உடைக்கிறார்கள் என்ற மனக்குறை நம் உறுப்பினர் பலருக்கு உண்டு. எனக்கும் அந்தப் போட்டியின் சூடு தெரியும். பில் இல்லாமல் யாராவது விற்றால் அதிகாரிகளிடம் எழுதிக் கொடுப்போம். நிறுவனங்கள் பாரபட்சமாகச் சரக்கு கொடுத்தால் தீர்மானம் போடுவோம். அதெல்லாம் சங்கம் செய்ய வேண்டிய வேலை. ஆனால் மனுவில் வசவு ஏறினால் மனு செத்துவிடும். பெரிய முதலாளி மீதுள்ள கோபத்தை நூறு ரூபாய்க்கு ஆட்டாவும் கடுகு எண்ணெயும் வாங்க வந்த கூலியாளிடம் காட்டுவது வீரமும் அல்ல, வியாபாரமும் அல்ல.

வசூலுக்குப் போகும் கடைகளில் பற்று நோட்டைப் பார்க்கிறேன். உள்ளூர்க்காரர் என்றால் பெயர், தெரு, தொழில் எல்லாம் இருக்கும். அடுத்த பக்கத்தில் “வடக்கன் 1, வடக்கன் 2, குட்டை வடக்கன்”. ஒரு கடையில் நான்காம் எண் ஊருக்குப் போய்விட, இரண்டாம் எண்ணிடம் பாக்கி கேட்டுத் தகராறு ஆகிவிட்டது. பெயர் இல்லாத கணக்கை எந்தப் பஞ்சாயத்தில் காட்டுவது? இப்போது போனில் பணம் செலுத்தினால் பெயர் நம் திரையிலேயே வருகிறது. வாய்க்குள் நுழையாத பெயராகவும் இல்லை, ராஜேஷ், மனோஜ், சுனில் என்றுதான் வருகிறது.

சொல்லை மாற்றினால் வியாபாரம் படுத்துவிடுமா என்றால், நம் அலமாரியே பதில் சொல்லும். கீழை நாடுகளில் கறுப்பரை இழிவாகக் குறிக்கும் “டார்க்கி” என்ற பெயரில் பற்பசை விற்றார்கள். 1989இல் பெயரை “டார்லி” என்று மாற்றினார்கள், விற்பனை நிற்கவில்லை. 2020இல் “ஃபேர் அண்ட் லவ்லி” என்ற பெயர் “க்ளோ அண்ட் லவ்லி” ஆனது. எத்தனை கோடி செலவில் நிலைநாட்டிய பெயர்! நமக்கு ஆகும் செலவு ஒரு பேனா மை.

2022இல் நம் வடக்குப்பட்டில் தொல்லியல் துறை தோண்டியபோது கடல் கடந்த வணிகத்தைக் காட்டும் மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அன்று வந்தவர்களைத் தமிழர்கள் யவனர் என்றார்கள்; “அர்” விகுதி போட்டுத்தான்.

எனவே என் கோரிக்கை இரண்டுதான். பற்று நோட்டிலும் சம்பள நோட்டிலும் ஆளின் பெயர் இருக்க வேண்டும். தெரியாத ஆளாக இருந்தால் “தம்பி” என்றோ “அண்ணே” என்றோ அழைக்கும்படி கடைப் பையன்களுக்குச் சொல்ல வேண்டும். வரும் செயற்குழுவில் இதைத் தீர்மானமாக நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் முன்கூட்டியே பெயர் கொடுக்கலாம்.