பிடிக்கத் தெரிந்தால் போதுமா? விடத் தெரிய வேண்டாமா?

யாழ்ப்பாணத்தில் பட்டம் விடுவது குழந்தை விளையாட்டு அல்ல. பெரியவர்கள் கூடி நடத்தும் திருவிழா. தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போனால் ஆள் உயரத்தை மிஞ்சிய பட்டங்களைப் பார்க்கலாம். ஒருவர் பிடித்தால் அவை அடங்காது. பல பேர் சேர்ந்துதான் கயிற்றைப் பிடிக்க வேண்டும்.

2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம். பக்கத்தில் உள்ள பருத்தித்துறைப் பகுதியில் இப்படி ஒரு பெரிய பட்டத்தை ஏற்றினார்கள். காற்று பலமாக இழுத்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும் விடவில்லை.

பட்டம் அவரையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது!

கீழே நின்றவர்கள் கயிற்றை விடும்படி கத்தினார்கள். ஆனால் அந்தரத்தில் தொங்குகிறவர் எப்படி விடுவார்? பட்டம் கொஞ்சம் தாழ்ந்த பிறகுதான் அவர் கீழே விழுந்தார். நல்ல வேளை, உயிர் பிழைத்தார்.

இந்த இழுப்பையே ஒரு விளையாட்டாக ஆக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கைட் போர்டிங். தமிழில் பட்டச் சறுக்கு என்று சொல்லலாம். காலில் ஒரு பலகை. இடுப்பில் ஓர் அகலமான வார். அந்த வாரிலிருந்து இருபது மீட்டருக்கும் அதிக நீளமான கயிறுகள். கயிறுகளின் நுனியில், ஓர் அறையின் தரையையே மூடிவிடக்கூடிய அளவுக்கு ஒரு பட்டம்! காற்று பட்டத்தை இழுக்கிறது. பட்டம் ஆளை இழுக்கிறது. ஆள் தண்ணீர் மேலும் பனி மேலும் வழுக்கிக்கொண்டு போகிறார்.

எஞ்சின் கிடையாது. பெட்ரோல் கிடையாது.

கிரேசின் தாத்தா

யோசனை புதியதல்ல. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் போகாக் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். பட்டங்களைக் கட்டி ஒரு வண்டியை இழுக்க வைத்தார். 1826-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார்! தன் மகள் மார்த்தாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பட்டத்தைக் கொண்டு ஆகாயத்தில் தூக்கியும் காட்டினார். அந்தப் பெண்ணின் மகன்தான் பிற்காலத்தில் கிரிக்கெட் உலகைக் கலக்கிய டபிள்யூ. ஜி. கிரேஸ். துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை!

ஆனால் பட்டம் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது? நனைந்த பட்டம் மறுபடி எழும்பாது. பிரான்சு தேசத்து லெகேன்யூ சகோதரர்கள் இருவர் இதற்கு வழி கண்டார்கள். பட்டத்தின் ஓரத்தில் காற்றடைத்த குழாய் வைத்தார்கள். பட்டம் மிதந்தது. நீரிலிருந்தே திரும்பவும் ஏறியது. 1984-ல் காப்புரிமை வாங்கினார்கள். உலகம் அதைக் கவனிக்க இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இன்றோ அது ஒலிம்பிக் போட்டியில் இருக்கிறது.

பயந்த கை என்ன செய்யும்?

இதைக் கற்க வரும் இளைஞர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை. பலகை மேல் ஏறி நிற்க வேண்டும். பறக்க வேண்டும். படம் எடுக்க வேண்டும். ஆசை தவறல்ல. ஆனால் அது முதல் பாடம் அல்ல.

ஏன்? பட்டத்தை ஆட்டுவிக்க, கையில் ஒரு கோல் இருக்கிறது. கோலைத் தன் பக்கம் இழுத்தால் பட்டத்துக்கு வலு கூடும். தள்ளிவிட்டால் வலு குறையும்.

பயம் வந்தால் மனிதனின் கை என்ன செய்யும்? எதையாவது இறுக்கிப் பிடித்து, மார்போடு இழுத்துக்கொள்ளும். பேருந்தில் போகும்போது டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் கம்பியைப் பிடிக்கிறோமே, அந்த மாதிரி. பேருந்தில் அது காப்பாற்றும். இங்கே அதுவே எமன்! இழுக்க இழுக்கப் பட்டத்தின் வெறி ஏறுகிறது. வெறி ஏற ஏறப் பயம் கூடுகிறது. பயம் கூடக் கூட கை மேலும் இழுக்கிறது.

காற்றின் கணக்கும் பொல்லாதது. வேகம் இரண்டு மடங்கு ஆனால் இழுப்பும் இரண்டு மடங்கு ஆகும் என்று நினைக்கக் கூடாது. நான்கு மடங்கு ஆகும்! மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் சாதுவாக இருந்த பட்டம், 40 கிலோ மீட்டரில் வேறு பிராணி.

ஆகையால் கையின் இயற்கைக் குணத்தையே மாற்ற வேண்டும். பயந்தால் விட வேண்டும். இதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. கை பழக வேண்டும்.

மூன்று விடுதல்

விடுவதில் மூன்று படி உண்டு.

முதலில் கோலை விடுவது. கையை எடுத்தாலே போதும். கோல் தானாக விலகி ஓடும். பட்டம் பெரும்பாலும் சோர்ந்துவிடும்.

அப்படியும் இழுத்தால் இடுப்பில் ஒரு பிடி இருக்கிறது. பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும். அதைத் தள்ளினால் இடுப்பு வாருக்கும் கோலுக்கும் உள்ள தொடர்பு அறும். பட்டம் ஒரே ஒரு கயிற்றில் கொடி போலத் தொங்கும்.

அப்போதும் ஆபத்து தீரவில்லையா? அந்த ஒரு கயிற்றையும் கழற்றிவிட வேண்டியதுதான். பட்டம் போய்விடும். புதுப் பட்டத்தின் விலை லட்சத்தைத் தொடும். போனால் போகட்டும்!

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். விலை நினைவுக்கு வருகிறது. ஒரு நொடி தயங்குகிறார்கள். அந்த ஒரு நொடியில் பட்டம் ஆளைப் பாறையிலோ சுவரிலோ கொண்டுபோய் மோதிவிடும்.

கற்பிட்டியில் ஆரம்பம்

தண்ணீரில் கற்க நல்ல இடங்களில் ஒன்று இலங்கையில் உள்ள கற்பிட்டி. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் அலையில்லாத களப்பு. களப்பில் ஆழம் குறைந்த இடங்கள் உண்டு. விழுந்தால் எழுந்து நிற்கலாம். மே மாதம் தொடங்கித் தென்மேற்குக் காற்று மாதக்கணக்கில் சீராக வீசும். இந்தப் பக்கம் இராமேசுவரத்திலும் கற்றுக் கொடுக்கிறார்கள்.

ஒழுங்கான ஆசிரியர் முதலில் மணலில்தான் நிறுத்துவார். கையில் ஒரு குட்டிப் பட்டத்தைக் கொடுப்பார். ஆகாயத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளச் சொல்வார். தலைக்கு நேர் மேலே 12 மணி. அங்கே பட்டம் அமைதியாக நிற்கும். இடது ஓரம் 9, வலது ஓரம் 3. அங்கும் இழுப்பு குறைவு. காற்று போகிற திசையில், நட்டநடுவில், தாழ்வாக இறங்கினால்தான் அசுர இழுப்பு!

பிறகு பெரிய பட்டம். ஆனால் பலகை வராது. பட்டம் வெறும் உடம்பைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகும். மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பலகை கைதவறிப் போனால், கரை சேர இதுதான் வழி. பலகை அதற்கும் பிறகுதான். எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சியாவது வேண்டும்.

பனி சுலபம், அதுதான் ஆபத்து!

குளிர் தேசங்களில் இதையே பனியில் செய்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் சில்வாபிளானா ஏரி குளிர்காலத்தில் உறைந்து மைதானம் ஆகிவிடும். நார்வேயில் ஹர்டாங்கர்விடா என்ற பீடபூமி கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. 2010-ல் கிரீன்லாந்துப் பனியில் இரண்டு பேர் 24 மணி நேரத்தில் 595 கிலோ மீட்டர் போனார்கள். சென்னையிலிருந்து மதுரைக்குப் போவதைவிட அதிக தூரம்!

பனியில் கற்பது சுலபம். நிற்க இடம் இருக்கிறது. மூழ்குகிற பயம் இல்லை. பனி வழுக்குவதால் சிறிய பட்டமே போதும். பனிச்சறுக்கு தெரிந்தவர் ஒரே நாளில் ஓட ஆரம்பித்துவிடுவார்.

சங்கடமே அங்கேதான். தண்ணீரில், ஓடுவதற்கு முன்னால் பத்துத் தடவை விழ வேண்டும். விழுகிற ஒவ்வொரு தடவையும் கை விடப் பழகும். பனியிலோ விடக் கற்பதற்கு முன்பே ஓடக் கற்றுவிடுகிறார்கள். தண்ணீர் மெத்தை, இறுகிய பனி கருங்கல். மேலே தூக்கி எறியப்பட்டால் எலும்பு தப்பாது. இன்னொன்று: குளிருக்குத் தடித்த கையுறை போட்டிருப்பார்கள். வெறும் கையால் தள்ளிப் பழகிய சிவப்புப் பிடி கையுறைக்கு அகப்படாது. கையுறையோடுதான் பழக வேண்டும்.

பழைய பட்டம் வேண்டாம்

சில இளைஞர்கள் சிக்கனம் பார்க்கிறார்கள். பழைய பட்டத்தை மலிவாக வாங்கி, வீடியோ பார்த்துத் தாங்களே கற்கலாம் என்று இறங்குகிறார்கள். இதைவிட விபரீதம் வேறில்லை. 2005-ம் ஆண்டு வாக்கில்தான், கோலை விட்டால் நன்றாகச் சோரும் பட்டங்கள் கடைக்கு வந்தன. அதற்கு முந்தியவற்றில் விட்டாலும் இழுப்பு எளிதில் அடங்காது. விடுவிக்கும் பிடிக்கு உலகத் தரம் ஒன்று எழுதப்பட்டதே 2020-ல்தான். பணம் குறைவாக இருந்தால் பாடத்துக்குக் கொடுக்கட்டும். பட்டம் வாங்குவது அடுத்த வருஷம் ஆகட்டும்.

முதல் நாளே பலகையில் நிற்க வைக்கிறேன் என்று விளம்பரம் செய்கிறவரிடம் போகவே கூடாது.

அதற்காக, "ஐயோ, வேண்டாம்!" என்று பிள்ளைகளைப் பெற்றோர் தடுக்கவும் வேண்டாம். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கின் பட்டப் போட்டி மார்செய் கடலில் நடந்தது. சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் வெண்கலப் பதக்கம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 17! தடுப்பதற்குப் பதிலாக, தாய் தந்தையர் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். "என் பிள்ளை பலகையில் ஏறுவதற்கு முன்னால் எத்தனை தடவை அந்தச் சிவப்புப் பிடியைத் தள்ளியிருப்பான்?" இதற்குச் சிரிக்கிற ஆசிரியர் உதவ மாட்டார். கணக்குச் சொல்கிறவர் நல்லவர்.

காற்றின் திசையையும் கேட்கலாம். கடலிலிருந்து கரைக்குச் சாய்வாக வீசினாலும், கரை ஓரமாகவே வீசினாலும் நல்லது. கரையிலிருந்து கடலுக்கு வீசினால், தவறு செய்தவர் நடுக்கடலுக்குப் போய்விடுவார். அப்படிப்பட்ட நாளில் விஷயம் தெரிந்தவர்கள் பட்டத்தைப் பையிலிருந்து வெளியே எடுப்பதே இல்லை. கரையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.