ஆய்வகக் கரு மலைமாட்டுக்குப் பகையல்ல

ஆய்வகத்தில் கரு வளர்த்துக் கலப்பினப் பசுவின் வயிற்றில் வைத்தால் மலைமாடு அழிந்துவிடும் என்கிறார்கள் அனுமந்தன்பட்டி நண்பர்கள். கவலை நியாயம், காரணம் தவறு. கன்றின் இனத்தைத் தீர்மானிப்பது கருமுட்டையும் விந்துவும்தான், சுமக்கும் வயிறு அல்ல. இரண்டும் மலைமாட்டுடையவை என்றால், கலப்பினப் பசு ஈன்றாலும் அது மலைமாட்டுக் கன்றே. கர்னாலில் 1990-லேயே ஆய்வகக் கரு முறையில் எருமைக்கன்று பிறந்தது.

உண்மையான குறை கருவின் தரம். பத்துக் கருமுட்டையில் மூன்று நான்கே ஏழெட்டு நாளில் பசுவுக்குள் வைக்கத் தேறுகின்றன. காற்றிலுள்ள 21 சதவீத ஆக்சிஜனை 5 சதவீதமாகக் குறைத்து வளர்த்தால் கரு வலுப்பெறும். தாய் வயிற்றிலும் ஆக்சிஜன் குறைவுதான். கேட்க வேண்டியது இந்தத் தரத்தை. மலைமாட்டை மேகமலைக் காட்டில் மேய்க்கும் உரிமைக்கான போராட்டம் வேறு. அதையும் விடாமல் நடத்துவோம். மேயக் காடும் வேண்டும், பிறக்கக் கன்றும் வேண்டும்.