தடிப்பு காட்டுவது கிருமியையா, தடுப்பூசியையா?

காசநோயாளியின் வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்று இருக்கிறதா என்று பார்க்க, முன்கைத் தோலுக்குள் மாண்டூ ஊசி போடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, சிவப்பை விட்டுவிட்டு, கெட்டிப்பட்ட தடிப்பை மட்டும் ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். நூறாண்டைக் கடந்த இந்தச் சோதனையில் அடிப்படையிலேயே ஒரு கோளாறு உண்டு. ஊசியில் இருக்கும் டியூபர்குலின் பல புரதங்களின் கலவை. அவற்றில் பல, பிசிஜி தடுப்பூசிக் கிருமியிடமும், மண்ணிலும் நீரிலும் வாழும் அதன் உறவுக் கிருமிகளிடமும் இருப்பவை. செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய பெரிய பிசிஜி ஆய்வின்போதே, அப்பகுதி மக்களில் மிகப் பலருடைய உடல் அந்த உறவுக் கிருமிகளை முன்பே சந்தித்திருந்தது தெரியவந்தது. அப்படியிருக்க, தடிப்பை மட்டும் நம்பி ஒருவருக்கு மாதக்கணக்கில் தடுப்பு மாத்திரை கொடுப்பது சரியல்ல.

மாற்றுவழியைக் காசநோய்க் கிருமியே சுரந்து தருகிறது. இசாட்-6, சிஎஃப்பி-10 என்பவை அது வெளியே விடும் இரு சிறு புரதங்கள். கிருமியை விழுங்கிய நம் செல் அதை ஓர் உறைக்குள் அடைத்து வைக்கும்; அந்த உறையைச் சிதைத்து வெளியேற இசாட்-6 துணைபோகிறது. அதே புரதத்தைத்தான் நம் எதிர்ப்பாற்றலின் டி செல்கள் நன்றாக அடையாளம் கண்டு, இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கின்றன. பிசிஜியை உருவாக்கிய கால்மெட்டும் கெரானும் அதற்காக மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்தபோது, இவ்விரு புரதங்களுக்கான மரபணுப் பகுதி அதிலிருந்து காணாமல் போனது. ஆகவே பிசிஜி போட்டதால் மட்டும் இவற்றுக்குத் தடிப்பு வராது. இவற்றைக் கொண்டு புனே சீரம் நிறுவனம் தயாரிக்கும் சை-டிபி போன்ற தோல் சோதனைகளை உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டது.

புதிய சோதனையாலும் உறங்கும் தொற்றையும் வெளிப்பட்ட நோயையும் பிரித்தறிய முடியாதே என்பார்கள். உண்மைதான், அதற்குச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டும். தொற்றுள்ளவர்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் நோய் வரும் என்பதும் சரியே. நோயே வராத பலருக்கும் மருந்து கொடுக்க வேண்டியிருப்பதால்தான், தொற்றே இல்லாதவர்களையாவது துல்லியமாக விலக்க வேண்டும் என்கிறேன். எதிர்ப்பாற்றல் குன்றிய எச்ஐவி நோயாளிகளிடம் எந்தத் தோல் சோதனையும் தவறலாம். அவர்களுக்கும், நோயாளியோடு வசிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், நோய் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, தொற்றுச் சோதனைக்குக் காத்திராமல் தடுப்பு மருந்து தரலாம். இன்டர்ஃபெரான் காமாவை அளக்கும் ரத்தச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டும், இந்தப் புதிய தோல் சோதனைக்கு வேண்டாம். மாண்டூ போடத் தெரிந்த செவிலியரே இதையும் போடலாம். எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இந்த ஊசி தடையின்றிக் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும்.