காதால் படிப்பவருக்கு நூலகத்தில் ஒரு வேலை

கிளை நூலகம் ஒன்றில் நூலகராக இருக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்க எங்களிடம் வரும் பார்வையற்ற மாணவி ஒருவர், கைபேசியின் திரைவாசிப்பான் மூலம்தான் எதையும் படிப்பார். அவர் கேட்ட பழைய வரலாற்று நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தது. இறக்கிக் கொடுத்தேன். கைபேசியிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. அந்தக் கோப்பில் இருந்தவை வெறும் பக்கப் படங்கள்.

தமிழ் நூல்களை மின்னாக்கம் செய்கிறோம் என்று நாம் பெருமைப்படுவதில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. செல்லரிக்கும் புத்தகம் பிழைத்துக்கொள்கிறது. அது பெரிய காரியம்தான். ஆனால், பார்வை உள்ளவருக்காக மட்டுமே பிழைக்கிறது.

பதிப்புரிமையைக் காரணம் காட்ட முடியாது. மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு ஒரு நூலை லாப நோக்கின்றி மாற்ற, 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி விட்டிருக்கிறது. இதே நோக்கம் கொண்ட மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. நாட்டுடைமையான நூல்களுக்கு அந்தக் கேள்வியே இல்லை.

தேவைப்படுவது உழைப்பு. படத்தை எழுத்தாக்கும் மென்பொருள் தமிழில் நிறையத் தடுக்கி விழுகிறது. 'ர'வும் துணைக்காலும் அதற்குக் குழம்புகின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் உள்ள பழைய 'லை', 'னை' வேறு எதுவாகவோ மாறிவிடுகின்றன. அடிக்குறிப்பு, பத்தி நடுவே புகுந்துகொள்கிறது. இத்தகைய பிழைகளைக் கண் தாண்டிப் போய்விடும், காது விடாது. கேட்டுக்கொண்டே வரும் அந்த மாணவி, "சார், இங்க ஏதோ தப்பா இருக்கு" என்று சட்டென நிறுத்துவார்.

அதனால்தான் கேட்கிறேன்: ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் சரிபார்ப்பாளர் பணியிடம் ஒன்றை உருவாக்கி, அதில் பார்வையற்றவரையே அமர்த்த வேண்டும். மதிப்பூதியத்தில் அல்ல, நிரந்தரச் சம்பளத்தில். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் ஒதுக்கியிருக்கும் 4 சதவீதத்தில் 1 சதவீதம் பார்வைக் குறைபாடு உடையவர்களுக்கானது. சொத்து வரியோடு நூலக வரியை அவர்கள் குடும்பங்களும்தான் கட்டுகின்றன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்லி பிரிவு இருக்கிறது, நல்லது. செங்கோட்டையில் இருப்பவர் ஒரு புத்தகத்துக்காகச் சென்னைக்கு ரயில் ஏற முடியுமா?

நாட்டுடைமை நூல்களிலிருந்து தொடங்கலாம். ஒரு மாவட்டத்தில் திருத்தி முடித்த கோப்பு மறுநாளே மற்ற மாவட்டங்களுக்கும் போய்ச்சேர வேண்டும். ஒரே நூலை இரண்டு ஊர்களில் திருத்திக்கொண்டிருக்க நமக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை.