குறை சொன்னது போதும், கூடி உட்காருங்கள்!

உங்கள் கணினியில் லிப்ரே ஆபீஸ் இருக்கிறதா? தமிழ் எழுத்துப் பிழை திருத்தியை இயக்கிவிட்டு, உங்கள் வீட்டார் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். ஃபாத்திமா, ரஹ்மத்துல்லாஹ், ஸுபைதா... எத்தனை பெயர்களுக்கு அடியில் சிவப்புக் கோடு விழுகிறது என்று எண்ணுங்கள். 'ஃபாத்திமா' என்று தேடினால் 'பாத்திமா' அகப்பட மாட்டார். முஹம்மது, முகமது, முகம்மது மூன்றும் கணினிக்கு மூன்று ஆட்கள்! ஏன், நம் மாவட்டத்தின் பெயரையே எடுத்துக் கொள்ளுங்களேன். அரசாங்கம் எழுதுவது தருமபுரி. நம்மில் பலர் எழுதுவது தர்மபுரி. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதே, அப்போது 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியல்களில் தகப்பனார் பெயரைத் தேடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு 'ஹ' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'க' இருந்தால் என்ன பாடு என்பதை அவர்கள் சொல்வார்கள்.

சரி, இதை யார் திருத்துவது? நமக்குத் தெரிந்த வழிகள் இரண்டுதான். ஒன்று திட்டுவது, இன்னொன்று மனு கொடுப்பது. மூன்றாவதாக ஒரு வழி பல ஆண்டுகளாகத் திறந்தே கிடக்கிறது. அதில் நம் இளைஞர்களை அதிகம் காணவில்லை என்பதுதான் நம் ஆதங்கம்.

மென்பொருள்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பூட்டிய பெட்டி. 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து செய்தியாக வந்து விழுந்தாலே ஐபோன் செயலிகள் முடங்கிப் போயின. நினைவிருக்கிறதா? தெலுங்கு பேசும் கோடிக்கணக்கான மக்களில் எத்தனையோ ஆயிரம் கணினி வல்லுநர்கள் இருந்தும், பெட்டியைத் திறக்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. ஆப்பிள் நிறுவனம் பிப்ரவரி 19 அன்று திருத்தம் வெளியிடும்வரை காத்திருந்தார்கள். மற்றொன்று கட்டற்ற மென்பொருள். அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம்.

நீங்கள் பார்த்த அந்தச் சிவப்புக் கோட்டைப் போடுவது ஹன்ஸ்பெல் என்ற கட்டற்ற மென்பொருள். இதன் கதை நமக்குப் பாடம். ஹங்கேரி மொழியும் தமிழைப் போலவே ஒரு சொல்லின் வாலில் ஒட்டுக்கு மேல் ஒட்டாகச் சேர்த்துக்கொண்டே போகும் மொழி. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த திருத்திகள் அதற்குப் போதவில்லை. லாஸ்லோ நேமெத் என்ற ஹங்கேரிக்காரர் தம் மொழிக்காக ஹன்ஸ்பெல்லை உருவாக்கினார். இன்று லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ், குரோம் எல்லாவற்றிலும் வேலை செய்வது அதுதான். ஒரு கோடியைச் சற்றே தாண்டிய மக்கள் பேசும் மொழிக்காரர் தம் குறையைத் தாமே தீர்க்க உட்கார்ந்தார், உலகமே பயன்படுத்துகிறது. தமிழ் பேசுவோர் ஏழு கோடிக்கும் மேல்! ஹன்ஸ்பெல்லுக்கு வேண்டியவை ஒரு சொற்பட்டியலும் ஓர் ஒட்டு விதிக் கோப்பும்தான். இரண்டும் சாதாரண எழுத்துக் கோப்புகள். பெயர்களைச் சேர்க்கப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

தருமபுரி, பாலக்கோடு, அரூர் வீடுகளில் தமிழும் உருதுவும் அரபியும் கலந்துதான் புழங்குகின்றன. இந்த மூன்று எழுத்துகளையும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கோத்துக் காட்டுவது ஹார்ஃப்பஸ் என்ற ஒரே கட்டற்ற மென்பொருள். ஈரானில் பிறந்த பெஹ்தாத் இஸ்ஃபஹ்போத் உருவாக்கியது. பெயரில் இருப்பது நம் பிள்ளைகள் மதரஸாவில் முதல் நாள் படிக்கும் அதே 'ஹர்ஃப்'தான். இதில் ஓர் எழுத்து உடைந்து தெரிந்தால் முறையிட இடம் இருக்கிறது, திருத்தவும் வழி இருக்கிறது.

திருத்தும் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1993 முதல் தன்னார்வலர்கள் கட்டிக் காத்துவரும் இயங்குதளம் டெபியன். அதன் அன்பர்கள் ஒரு சனி, ஞாயிறு ஓர் அறையில் கூடுவார்கள். பிழை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 'இந்த எண்ணை நான் பார்க்கிறேன்' என்று ஒருவர் அறிவிப்பார், அடுத்தவர் வேறொன்றை எடுப்பார். முதல் வேலை, அந்தப் பிழையைத் தம் கணினியிலும் வரவழைத்துப் பார்ப்பது. பாதி நேரம் இதிலேயே போய்விடும். எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, எந்த விசையை அழுத்தியபோது என்று கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். நல்ல சாட்சி சொல்வதைப் போன்ற வேலை இது. நிரல் எழுதத் தெரியாதவரும் இதைச் செய்யலாம், செய்கிறார்கள். பிறகு நிரலில் தவறு எங்கே என்று தேடித் திருத்துவார்கள். பதிவேற்றும் உரிமை இல்லாதவர் செய்த திருத்தத்தை, உரிமையுள்ள மற்றொருவர் சரிபார்த்து ஏற்ற வேண்டும். சில வேளை பத்து மணி நேரத் தேடலுக்குப் பின் மாறுவது ஒரே ஒரு வரியாக இருக்கும். அதற்கு வருந்துவார் இல்லை. டீயைக் குடித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள்!

அந்த ஒரு வரி எங்கெல்லாம் போகிறது தெரியுமா? தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆக, டெபியனில் ஏற்கப்படும் ஒரு திருத்தம், காலப்போக்கில் பென்னாகரத்து மாணவி ஒருத்தியின் மடிவரை வந்து சேரக்கூடும்.

'இதெல்லாம் சென்னை, பெங்களூர்க்காரர்களின் வேலை' என்று தட்டிக் கழிக்காதீர்கள். 2023 ஜனவரியில் டெபியன் அன்பர்களின் மாநாடு எங்கே நடந்தது? விழுப்புரத்தில்! கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தரும் குழு ஒன்று அங்கே இருக்கிறது. பின்தங்கிய மாவட்டம் என்ற முத்திரை நமக்கும் அவர்களுக்கும் பொதுவானதுதானே? விழுப்புரத்தால் முடிவது தருமபுரியால் ஏன் முடியாது?

இன்னொரு கேள்வியும் வரும். கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிகளும் பயன்படுத்தும் மென்பொருளுக்கு நாம் ஏன் கூலியில்லாமல் உழைக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆங்கிலத்தில் ஒரு பிழை வந்தால் கம்பெனிக்கு வியாபாரம் கெடும், சம்பளம் கொடுத்து ஆள் வைத்துத் திருத்துவார்கள். 'ஸுபைதா'வுக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தால் யாருக்கு நஷ்டம்? ஸுபைதாவுக்கு மட்டும்தான். அப்படிப்பட்ட பிழை பத்து ஆண்டுகளானாலும் அப்படியே கிடக்கும். கூலி கேட்டுக் காத்திருந்தால் நம் பேரன் காலத்திலும் கோடு போகாது.

அரசாங்கத்தின் மென்பொருள்களை நாம் தொட முடியாதே என்பதும் உண்மை. வாக்காளர் பட்டியலைக் கையாளும் நிரல் பூட்டிய பெட்டிதான். ஆனால் அரசுச் செயலிகளின் மூல நிரலைத் திறந்துவைப்பதற்கு 2015இலேயே மத்திய அரசு கொள்கை வகுத்திருக்கிறது. பலரும் விடாமல் கேட்டதால் 2020 மே மாதம் ஆரோக்கிய சேது செயலியின் நிரல் வெளியே வந்தது. நம் பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதுமான நிரலையும் திறந்து காட்டு என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா? அப்படிக் கேட்பவரிடம், நிரலைப் படித்துப் பிழையைச் சுட்டிக்காட்டும் ஆட்களும் இருக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர் இல்லாத ஊரில் திறந்த பெட்டியும் பூட்டிய பெட்டியும் ஒன்றுதான்.

நம் மாவட்டத்துப் பொறியியல் பட்டதாரிகள் வாரக் கடைசியில் பெங்களூரிலிருந்து பஸ் ஏறி ஊருக்கு வருகிறார்கள். கல்யாணமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாதி மஹால் சும்மாதான் கிடக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகள் சாவியையும் கரண்டையும் கொடுத்தால் போதும். இணைய இணைப்பை இளைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். கல்லூரியில் படிக்கும் நம் சகோதரிகளுக்கும் தனி மேசை போடுங்கள், சாட்சி சொல்லும் வேலையில் அவர்கள் ஆண்களை முந்திவிடுவார்கள். பிற சமுதாய நண்பர்களையும் அழையுங்கள். தருமபுரியும் தர்மபுரியும் அவர்களுக்கும் ஊர்தான்.

முதல் நாளுக்கான வேலை தயாராகவே இருக்கிறது. வருகிற ஒவ்வொருவரும் தம் தெருவிலிருந்து ஐம்பது பெயர்களை, அந்தந்த வீட்டார் எழுதுகிறபடியே எழுதிக்கொண்டு வரட்டும்.