பால் பத்தலையா, பொழுது பத்தலையா?

எங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் இளம் தாய்மார்கள் பலர், பிரசவ லீவு முடிந்ததுமே, 'பால் வத்திடுச்சு' என்று புட்டிக்கு மாறி விடுகின்றனர். எடுக்க எடுக்கத்தானே பால் ஊறும்? எட்டு மணி நேரம் அப்படியே விட்டால், முதலில் மார் கட்டி வலிக்கும்; பிறகு சுரப்பே குறைந்து விடும்.

2017ல் பிரசவ லீவை, 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினர். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய், தினம் நான்கு முறை போய் வரலாம் என்றும் சட்டம் சொல்கிறது. சரி, பத்துப் பேர் இருக்கும் பட்டறையில் வேலை செய்பவள் எங்கே போவாள்? 2015ல் பஸ் நிலையங்களில் தாய்மார்களுக்கு அறை திறந்த மாதிரி, தொழிற்பேட்டைக்கும் பொதுவாய் ஒரு காப்பகம் வைத்தால் என்ன?

அதுவரை, தோழியரே, மார் கட்டினால் வெந்நீரில் பிழிந்த துணியால் ஒத்தி, கையாலேயே பாலைப் பீய்ச்சி விடுங்கள். காலையில் சுத்தமான எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, மூடி, பிரிஜ்ஜில் வைத்தால், அன்று முழுக்கக் கெடாது. காய்ச்சக் கூடாது, வெந்நீரில் கிண்ணத்தை வைத்து, பாலாடையால் புகட்டலாம். மார் சிவந்து காய்ச்சல் வந்தால், உடனே டாக்டரிடம் போங்கள். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தாதீர்கள்.

மாமியார்களே, 'உனக்குப் பாலே இல்லை' என்று சொல்லும் முன், மருமகள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்று பாருங்களேன்!

— ஓர் இல்லத்தரசி, அம்பத்தூர்.