சம்னர் கோர்ட்: பட்டியலில் பேர் இல்லாதவங்களுக்கு என்ன நீதி?



அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் சம்னர்னு ஒரு சின்ன ஊர். டாலஹாச்சி கவுண்டியின் நீதிமன்றம் அங்கே இருக்கு. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய செங்கல் கட்டடம். கனத்த வளைவுகள், கோபுரம், ஊர் நடுச் சதுக்கம். பார்த்தா கையெடுத்துக் கும்பிடத் தோணும்.

1955 செப்டம்பரில் இங்கேதான் எம்மெட் டில் கொலை வழக்கு நடந்தது. சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த 14 வயசு கறுப்பினப் பையன். வெள்ளைக்காரப் பெண்ணிடம் தப்பா நடந்துக்கிட்டான்னு பழி போட்டு, ராத்திரியில் வீடு புகுந்து தூக்கிட்டுப் போய்க் கொன்றார்கள்.

கோர்ட்டில் மோசஸ் ரைட் என்ற பெரியவர், சிறுவனின் தாத்தா முறை, எழுந்து நின்று குற்றவாளியை நேருக்கு நேர் கைநீட்டிக் காட்டினார். அந்தக் காலத்து மிசிசிப்பியில் அது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்கு ஓரமாக ஒரு சீட்டாட்ட மேஜை. சார்லஸ் டிக்ஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அங்கேதான் இடம். எம்.பி.யா இருந்தா என்ன, தோல் கறுப்பாச்சே!

12 பேர் ஜூரி. எல்லாரும் வெள்ளைக்கார ஆண்கள். 67 நிமிஷத்தில் விடுதலை. நாலு மாசத்தில் அந்த ரெண்டு பேரும் பணம் வாங்கிக்கிட்டு 'லுக்' பத்திரிகையில் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு மறுபடி விசாரணை கிடையாது என்பதால் சட்டம் கைகட்டி நின்றது.

ஜூரி ஏன் அப்படி அமைந்தது? இதைத்தான் நாம கவனிக்கணும். வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தாதான் ஜூரியில் உட்கார முடியும். கறுப்பின மக்களே பெரும்பான்மையான அந்தக் கவுண்டியில், பட்டியலில் ஒரு கறுப்பினத்தவர் பேர்கூட இல்லை. பெண்களுக்கோ மிசிசிப்பியில் 1968 வரை ஜூரியில் இடமே கிடையாது. வாக்காளர் பதிவைக் கவனிப்பவரும் கோர்ட் எழுத்தர்தான். ஆக, அநியாயம் தீர்ப்பு நாளில் தொடங்கலை. பேர் எழுதுற மேஜையிலேயே தொடங்கிடுச்சு. பட்டியலில் பேர் இல்லைன்னா ஓட்டு மட்டும்தான் போகும்னு நினைக்கிறவங்க இந்த வழக்கைப் படிக்கணும்.

அவமானச் சின்னத்தை எதுக்குப் பாதுகாக்கணும்னு சிலர் கேட்கலாம். இடிச்சிட்டா யாருக்கு வசதி? மறைக்க நினைக்கிறவங்களுக்குத்தான். அந்த ஊர் மக்கள் செய்தது சரி. 2007 அக்டோபரில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து, இதே நீதிமன்றத்தின் முன்னால், டில் குடும்பத்திடம் பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு விசாரணை நடந்த கூடத்தை 1955-ல் இருந்தது போலவே புதுப்பித்தார்கள். 2023-ல் இந்தக் கட்டடம் எம்மெட் டில், அவர் தாய் மேமி டில் பேரிலான தேசிய நினைவுச் சின்னத்தில் சேர்ந்தது.

அதுக்காகப் பூட்டி வைக்கலை. இன்னைக்கும் அது நடைமுறையில் உள்ள கோர்ட்தான்.